மேரை இழந்த ஏரிகள்: செங்கல்பட்டின் தற்சார்பு குறித்து

ஒரு மாவட்டம் தன் காலில் நிற்குமா என்று கணிப்போர் பெரும்பாலும் விளைச்சலையும் கையிருப்பையும் எண்ணிப் பார்ப்பார்கள். 'ஏரி மாவட்டம்' எனப் பெயரெடுத்த செங்கல்பட்டுக்கு அந்தக் கணக்கு போதாது. அடைமழை இரவில் மதகைத் திறப்பது யார், கோடையில் தூர் வாரும் செலவு எங்கிருந்து வருகிறது என்பவையே இங்கு முதற்கேள்விகள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். வரலாற்றாய்வாளர் தரம்பாலும் அவர் வழிவந்தோரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அந்தக் கணக்குகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. களத்து நெல்லை அரசும் குடியும் பங்கிடும் முன்பே ஊர்ப் பணிகளுக்கான பங்காகிய மேரை ஒதுக்கப்பட்டது. ஏரிப் பராமரிப்பும் அதில் ஒன்று. கரையைக் காக்கும் செலவு அந்தக் கரை காத்த விளைச்சலிலிருந்தே வந்தது.

இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியத்தில் இடம்பெற நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். மண் சுமந்தவருக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் கம்பெனி ஆட்சியில் வரி இறுகியபோது பங்கு போனது, கடமை மட்டும் எஞ்சியது. 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் அந்தக் கடமையையே தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாக்கியது. குடிகளே ஏரியைப் பராமரிப்பதைக் குறித்த குடிமராமத்து என்ற பழைய பெயர் 2017இல் அரசு நிதியோடு திரும்பியது, மேரை திரும்பவில்லை.

மதுராந்தகத்தில் ஏரிக்கரையை ராமர் காத்து நிற்பதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1790களில் கண்டதாகச் சொல்லும் 'ஏரி காத்த ராமர்' கதையை அற்புதமாகவே கேட்டுப் பழகிவிட்டோம். பொறுப்பாளரான கலெக்டரே மழையில் ஏரிக்கரைக்குப் போனார் என்பதுதான் என்னைக் கவரும் பகுதி.

கடற்கரையில், ஆபத்து வேளையில் பொறுப்பு யாருடையது என்ற இதே சிக்கல் வேறு வடிவில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியின்போது கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் கடல் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. நடைமுறையும் பொறுப்பாளரும் நிலையத்துக்குள்ளேயே இருந்ததன் பயன் அது. சுற்றியிருந்த குப்பங்களுக்கு அன்று எச்சரிக்கைகூட வரவில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியபோது முன்னறிவிப்பு இருந்தது. ஆனால் முன்னறிவிப்பு மேலிருந்து வருவது. அது தயார்நிலையின் ஒரு பாதி மட்டுமே; மறுபாதி ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

குடிநீரிலும் இதே வெளிச்சார்பு உண்டு. அதே கடற்கரையின் நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024இல் தொடங்கிய இரண்டாம் நிலையத்தில் 15 கோடி லிட்டரும் கடல்நீரிலிருந்து குடிநீர் எடுக்கும் திறன் உள்ளது. அதில் பெரும்பகுதி சென்னை மாநகரின் தென்பகுதிக்கும் அதன் விளிம்புகளுக்கும் போகிறது. மின்சாரம் நின்றால் அந்த நீரும் நிற்கும். ஏரி நீருக்கு அந்தக் கவலை இல்லை.

100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையின் கையில். ஒன்றன் கலங்கலில் வழிவது அடுத்ததை நிரப்பும் சங்கிலியில், கரை உடைப்பு இந்த நிர்வாக எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. நெம்மேலி நீரின் விலையில் ஒரு பங்கை, பழைய மேரையைப் போல, ஒன்றிய ஏரிகளுக்கு முதலிலேயே ஒதுக்க வேண்டும். அதைச் செலவிடும் குழுவில் மண் சுமப்பவருக்கும் வாக்கு இருக்க வேண்டும்.