கடனா, சில்லறையா?

ஐந்தாம் வகுப்புப் பையனின் வீட்டுப்பாட நோட்டில் 4002 − 1756 என்றொரு கணக்கு. விடை 1136 என்று எழுதியிருந்தான். வரவேண்டியது 2246. அவனுக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. பள்ளியில் ஒரு முறை படித்திருந்தான்; என் அம்மா, அதாவது அவன் பாட்டி, சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டான்.

பள்ளி முறைக்குப் பாடப்புத்தகத்தில் பெயர் இனமாற்றம். இரண்டிலிருந்து ஆறு போகாது. பத்துகளிலும் நூறுகளிலும் பூஜ்ஜியம். ஆயிரம் வரை போய் நாலை அடித்து மூன்றாக்க வேண்டும். அந்த ஓர் ஆயிரத்தைப் பத்து நூறாக்கி, அதில் ஒரு நூறைப் பத்துப் பத்தாக்கி, அதில் ஒரு பத்தை ஒன்றுகளாக்கினால் மேல் வரிசை 3, 9, 9, 12 என்று நிற்கும். மொத்தம் அதே நாலாயிரத்து இரண்டுதான், சில்லறையாகியிருக்கிறது. கீழ் எண்ணைத் தொடவே கூடாது.

அம்மாவின் முறையில் மேலே அடித்தல் திருத்தல் கிடையாது. "ரெண்டைப் பன்னிரண்டா வச்சுக்கோ, ஆறு போனா ஆறு. வாங்கினதைக் கீழே கொடுத்துடு, அஞ்சு ஆறாச்சு. பத்துல ஆறு போனா நாலு." அப்படியே ஏழு எட்டாகும், பத்தில் எட்டு போக இரண்டு, ஒன்று இரண்டாகும், நாலில் இரண்டு போக இரண்டு. மேலே பத்து ஒன்றுகள், கீழே ஒரு பத்து என்று இரு பக்கமும் ஒரே அளவு கூடுவதால் வித்தியாசம் மாறுவதில்லை. அண்ணன் தம்பி வயது பத்து வருஷம் கழித்தும் அதே இடைவெளியில் இருப்பது மாதிரி. இங்கிலாந்துப் பள்ளிகளில் நெடுங்காலம் இந்த முறை வழக்கத்தில் இருந்தது. (மளிகைக் கடைக்காரர் இரண்டையும் செய்யமாட்டார், 1756-க்கு மேல் எண்ணிக்கொண்டே போய் மீதியைக் கையில் வைத்துவிடுவார். அது தனிக் கதை.)

வேகத்தில் அம்மாவின் முறைதான் ஜெயிக்கும், முக்கியமாகப் பூஜ்ஜியங்கள் வரிசையாக நிற்கும்போது. ஆனால் "ஏன் பாட்டி கீழே கூட்டணும்?" என்று பையன் கேட்டால் "அப்படித்தான்டா" என்பதுதான் அவரிடம் பதில். சில்லறை மாற்றுவதையோ நோட்டையும் நாணயத்தையும் மேஜையில் பரப்பிக் காட்டிவிடலாம். அமெரிக்காவில் பிரவுனெல், மோசர் என்ற இருவர் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 1949-இல் ஆய்வு வெளியிட்டார்கள். காரணத்தோடு சொல்லிக்கொடுத்தால் இனமாற்றம் மேல், சும்மா உருப்போட வைத்தால் மற்றது மேல் என்று தெரிந்தது. எங்கள் வீட்டு மேஜையிலும் அதுதான் நிலைமை.

குழப்பத்துக்கு வித்து ஒரு சொல். இனமாற்றத்தையும் வீட்டில் நாம் "பக்கத்துல கடன் வாங்கு" என்றே சொல்கிறோம். அங்கே யாரும் யாருக்கும் திருப்பித் தருவதில்லை. தன் பணத்தைத் தானே மாற்றிக்கொள்வதற்குப் பெயர் கடனா? உண்மையில் வாங்கித் திருப்பித் தருவது அம்மாவின் கணக்கில் மட்டுந்தான். கடன் என்ற பேச்சைக் கேட்ட பையன் மேலே 3, 9, 9, 12 என்று மாற்றியும் வைத்தான், கீழே 1, 7, 5 மூன்றிலும் ஒவ்வொன்று கூட்டியும் வைத்தான். விடையில் ஆயிரம், நூறு, பத்து என ஒவ்வொன்று காணாமல் போனது.

நாலாவது, ஐந்தாவது படிக்கும்வரை வீட்டிலும் பள்ளி முறையே இருக்கட்டும் என்பது என் கட்சி. பாட்டி முறையைத் தூக்கியெறிய வேண்டாம். பள்ளி முறை கைவந்தபின் அதைத் தனித்தாளில் காட்டுங்கள், பையனே ரசிப்பான். அதுவரை "கடன் வாங்கு" என்பதற்குப் பதில் "சில்லறை மாத்து" என்று சொல்லிப் பாருங்கள். விடை தப்பாயிருந்தால் ரப்பரை எடுக்குமுன், எவ்வளவு குறைகிறது என்று நீங்கள் ஒருமுறை கழித்துப் பாருங்கள். 10, 110, 1110 என்று வந்தால், வீட்டில் இரண்டு வாத்தியார்கள் இருக்கிறார்கள்.