ஆபீஸ் விட்டால் ஹாக்கி

ஜெயிக்கிற அணியைப் பார்க்கக் கூட்டம் வருமா, நல்ல ஆட்டத்தைப் பார்க்க வருமா? கல்கத்தா ஹாக்கியைப் பொறுத்தவரை இரண்டுமே பாதிப் பதில்தான் என்பது என் கட்சி.

எழுபதுகளில் டல்ஹௌசி பக்கம் குமாஸ்தாவாக இருந்தேன். கால்பந்து தொடங்குமுன் கோடையில் ஹாக்கி லீக் நடக்கும். நாலு மணிக்கே மேசைகள் காலியாகும். மேலதிகாரி கேட்கமாட்டார், அவரும் அங்கேதான் போயிருப்பார். ராஜ்பவனைத் தாண்டி நடந்தால் மோகன் பகான் மைதானம். கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. ஆட்டம் முடிந்தால் டிராம் பிடித்து லேக் மார்க்கெட், வீட்டில் ரசம் சாதம்.

ஆடியவர்கள் யார்? கஸ்டம்ஸ், போர்ட் கமிஷனர்ஸ், பெங்கால் நாக்பூர் ரயில்வே என்று பாதிக்குப் பாதி ஆபீஸ் அணிகள். பகலில் கோப்பு நகர்த்துகிறவர் மாலையில் பந்தை நகர்த்துவார். லெஸ்லி கிளாடியஸ் கரக்பூரில் ரயில்வேக்குக் கால்பந்து ஆட வந்தவர். ஹாக்கிக்கு ஆள் குறைந்த ஒரு நாளில் ஆட்டக்காரர் டிக்கி கார் அவர் கையில் மட்டையைக் கொடுத்தார். பிறகு கஸ்டம்ஸ்காரர் ஆனார். 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அப்பேர்ப்பட்டவர் பக்கத்து ஆபீஸ் ஆள் என்றால், தோற்கிற நாளிலும் பார்க்கப் போகத்தானே செய்வார்கள்?

ஆட்டத்தின் அழகு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. 1895இல் தொடங்கிய பெய்ட்டன் கோப்பைதான் இந்த ஊரின் பெருமை. 1933 இறுதி ஆட்டத்தில் தியான்சந்தின் ஜான்சி ஹீரோஸ் உள்ளூர் கஸ்டம்ஸை வென்றது. தாம் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் அதுதான் என்று தியான்சந்த் பின்னாளில் எழுதினார். விழுந்தது ஒரே கோல்! தியான்சந்த் நீளமாகத் தள்ளிவிட்ட பந்தை இஸ்மாயில் கோலாக்கினார். இதற்கு நேர்மாறாக, அதற்கு முந்தைய ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை இந்தியா 24-1 என்று நொறுக்கியது. அமெரிக்காவின் அந்த ஒற்றைக் கோல் விழுந்தபோது நம் கோல்காப்பாளர், வங்க அணியின் ரிச்சர்ட் ஆலன், கோலுக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பார்கள். வெற்றி நிச்சயம் என்றால் காவல்காரருக்கே அலுத்துவிடுகிறது. காசு கொடுத்து வந்தவன் என்ன செய்வான்?

பிறகு கூட்டம் ஏன் கரைந்தது? நாற்பதுகளின் கடைசியிலிருந்தே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டன. ஆட்டக்காரர்களோடு ரசிகர்களும் போனார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது, இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. தோல்விதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1980இல் நம் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வந்ததே, இங்கே காலரி நிரம்பவில்லையே! உண்மைக் காரணம் இடம்தான். லீக் நடந்த மைதானம் ராணுவத்தின் நிலம். அங்கே நிரந்தரமாக எதையும் கட்டுவது லேசில்லை. புது ஹாக்கிக்குச் செயற்கைத் தரை வேண்டும். அது சால்ட் லேக்கில் அமைந்தது. டல்ஹௌசியிலிருந்து நடக்கிற தூரமா அது? பஸ் பிடித்து, நெரிசலில் மாட்டி, போய்ச் சேர்வதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். வழியில் இருந்த விளையாட்டு வழியை விட்டு விலகியதும் குமாஸ்தா நேராக வீட்டுக்குப் போனான்.

மறுப்பவர்கள் ஒடிஷாவின் ரூர்கேலாவைப் பார்க்கட்டும். 2023 உலகக் கோப்பையில் இந்தியா காலிறுதிக்கே போகவில்லை; ஆனால் அங்கே ஸ்பெயினுடன் முதல் ஆட்டத்திற்கு இருபதாயிரம் பேர் கொள்ளும் பிர்சா முண்டா அரங்கம் நிரம்பி வழிந்தது. ரூர்கேலா இருக்கும் சுந்தர்கர் மாவட்டத்தில் ஹாக்கி வீட்டு வாசலில் இருக்கிறது. இந்திய ஹாக்கி வீரர் திலீப் திர்க்கி அந்த மண்ணின் பிள்ளை.

பெய்ட்டன் கோப்பை இன்றும் நடக்கிறது. அந்தச் சமயத்தில் கொல்கத்தா வருகிறவர்கள் ஒரு மாலை ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். உட்கார இடம் நிச்சயம் கிடைக்கும்.