பனிக்கு ஒரு டயர், கரிசலுக்கு ஒரு டயர்

குளிர் நாடுகளில் 'வின்டர் டயர்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துவிடும், சாலையைச் சரியாகப் பிடிக்காது. அதனால் குளிர்காலம் வந்ததும் மென்மையான ரப்பரில், ஆழமான வெட்டுகளோடு செய்த டயரை மாட்டிக்கொள்வார்கள். இந்த வகையில் முதல் டயர் 1934-ல் பின்லாந்தில் லாரிகளுக்காகச் செய்யப்பட்டது.

கோவில்பட்டியில் ஏது பனி, இங்கே எதற்கு இந்தக் கதை என்று கேட்கிறீர்களா? நமக்கும் சக்கரத்தைச் சோதிக்கும் பருவம் ஒன்று உண்டு நண்பர்களே. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்தான் அது!

கரிசல் மண்ணைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து ஊதி, களியாகிவிடும். செருப்போடு நடந்தால் பத்தடிக்குள் செருப்பு இரண்டு கிலோ கனக்கும். இந்த மண்ணில்தான் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தன. கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வந்ததற்கும் இந்த மானாவாரி விவசாயம்தான் காரணம். விளைந்ததைக் காட்டிலிருந்து வீட்டுக்கும் சந்தைக்கும் கொண்டுபோனது மாட்டு வண்டி.

பழைய கட்டை வண்டியின் சக்கரம் ஒரு சின்னப் பொறியியல் அதிசயம். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, அதற்கு மேல் இரும்புப் பட்டை. பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக அடித்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணியே தேவையில்லை.

ஆனால் ஒரு குறை. சக்கரம் ஆள் மார்பளவு உயரம் இருந்தாலும் பட்டையின் அகலம் சுமார் 2 அங்குலம்தான். உயரமான சக்கரம் மேடு பள்ளத்தைச் சுலபமாகத் தாண்டும், உண்மைதான். ஈரக் கரிசலிலோ அந்த ஒல்லிப் பட்டை கத்தி மாதிரி இறங்கிவிடும். காய்ந்த பிறகு அதே தடம் கல்லாகி, அடுத்த வண்டிக்குத் தண்டவாளம் ஆகிவிடும். தார்ச்சாலையையும் இந்தப் பட்டை அரைத்துத் தள்ளியது.

காற்றடைத்த டயர் வந்த கதை இங்கேதான் சேர்கிறது. 1845-ல் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்கு முதல் காப்புரிமை வாங்கினார். உலகம் அதை மறந்துவிட்டது. 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் மறுபடி கண்டுபிடித்தார். அவர் ஒரு மாட்டு டாக்டர் (கால்நடை மருத்துவர்)! அவர் பெயர் தாங்கிய கம்பெனி 1936-ல் வங்காளத்தின் சாகாகஞ்சில் தொழிற்சாலை தொடங்கியது. 1959-ல் நம்ம அம்பத்தூரிலும் ஒன்று வந்தது. இரண்டுமே இப்போது மூடப்பட்டுவிட்டன. சுதந்திரத்துக்கு முன்பே டன்லப் மாட்டு வண்டிக்கென்று தனி டயர் விற்றது.

டயர் ஏன் புதையாது? சின்னக் கணக்குதான். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். டயருக்குள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. அப்படியானால் தோராயமாக 250 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையைத் தொடும். பாரம் பரவிவிடுகிறது. (அடைமழையில் டயர் வண்டியும் நின்றுவிடும், அது வேறு விஷயம்.)

மாட்டு வண்டி டயரின் அளவு 6.00-19, 7.00-19, 8.00-19 என்று போகும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் அது உட்காரும் இரும்பு வளையத்தின் குறுக்களவு, இரண்டுமே அங்குலத்தில். வண்டிக்காரர் இதில் எதை வாங்குவது? அகலம் கூடினால் புதைவது குறையும், விலையோ ஏறும். மானாவாரிச் சம்சாரிக்குப் புது டயர், வளையம், பால் பேரிங் வைத்த அச்சு எல்லாம் சேர்ந்து பெரிய செலவு. அரசு இந்த டயருக்கு கலால் வரி விலக்கு கொடுத்தும் பாரம் தீரவில்லை. யோசித்துப் பாருங்கள்: சாலை தேயாமல் இருந்தது, அது அரசுக்கு லாபம். இழுவை குறைந்தது, அது மாட்டுக்கு நிம்மதி. காசு மட்டும் சம்சாரி கையிலிருந்து போக வேண்டும்! கட்டை வண்டி அவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் பழமைவாதி என்பதால் அல்ல.

பலர் கண்ட வழி, கழித்துப்போட்ட மோட்டார் வண்டிகளின் பழைய டயர். ஜீப்பின் டயரும் பல டிராக்டர்களின் முன் டயரும் ஒரே 6.00-16 அளவு. வேகமாக ஓட முடியாத டயர் மாட்டின் நடைக்குத் தாராளமாகப் போதும்.

இந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு. மரச்சக்கரம் பழுதானால் ஊர் ஆசாரியும் கொல்லரும் சரிசெய்வார்கள். டயருக்குள் சீமைக்கருவேல் முள் ஏறினால் பங்சர் கடையைத் தேட வேண்டும். ஆசாரிக்கு வேலையும் குறைந்தது. மாட்டுக்குக் கிடைத்த நிம்மதியும் நிலைக்கவில்லை. இழுவை குறைந்ததும் பாரத்தை இரண்டு மடங்காக ஏற்றினார்கள். பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி 1970களில் மாட்டு வண்டியை நவீனமாக்க வேண்டும் என்று விடாமல் பேசியபோது, சக்கரத்தோடு மாட்டின் கழுத்தை அறுக்கும் நுகத்தடியைப் பற்றியும் சேர்த்தே பேசினார். சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று கார் டயர் வாங்கப் போகிறவருக்கும் அந்த வண்டிக்காரரின் மூன்று கேள்விகள்தான்: எவ்வளவு பாரம்? எந்தத் தரை? என்ன விலை? கூட இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மாருதி 800-க்கு 145/70 ஆர்12 என்பது போல ஒவ்வொரு காருக்கும் கம்பெனி சொன்ன அளவு உண்டு. அழகுக்காக அதைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய டயர் மாட்டுக்குப் போதும், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்குப் போதாது. காரின் டயரில் வெட்டின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே மாற்றியாக வேண்டும். ஐப்பசி மழை வருவதற்குள் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.