உயர் ஃபேஷன் மேடை ஒப்பனை

உயர் ஃபேஷன் காட்சிகளின் மிகை ஒப்பனையை முகத்துக்கு அழகூட்டும் வேலையாகக் கருதுவது பிழை. அது ஆடை வடிவமைப்பின் ஒரு பகுதி. 2024 ஜனவரியில் பாரிசின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தடியில் வடிவமைப்பாளர் ஜான் கலியானோ மெசோன் மார்ஜியெலா ஃபேஷன் நிறுவனத்துக்காக நடத்திய காட்சியே இதற்கு வலுவான சான்று. ஒப்பனைக் கலைஞர் பேட் மெக்ராத், உரித்தெடுக்கும் வகை முகப்பூச்சைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஏர்பிரஷ்ஷால் அடுக்கடுக்காகத் தெளித்தார். தோல் பீங்கான் பொம்மையாய் மின்னியது. மாடல்களின் இறுக்கிய இடையும் விசித்திர நடையும் அந்த மினுக்கத்தோடு சேர்ந்துதான் பொருள்பட்டன.

அன்றாடம் பூச முடியாத ஒப்பனையால் என்ன பயன் என்பார்கள். நாடக அரிதாரத்தைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. தவிர, அந்தப் பளபளப்பே 2025இல் மெக்ராத் நிறுவனத்தின் விற்பனைப் பொருளாயிற்று. மாடலின் முகம் மறைந்துபோகிறது என்ற மறுப்பு இன்னும் கனமானது. ஆனால், அந்தக் காட்சியில் நிறைவாக வந்த நடிகை குவெண்டலின் கிறிஸ்டி போன்றோரின் உடல்மொழிதான் அந்தப் பூச்சுக்கு உயிர் தந்தது.