காரில் ஏறிய வானொலி

காரில் வானொலி கேட்டுக்கொண்டு செல்பவர் எவரும் என்றேனும் ஒருநாள் இத்தொல்லையைச் சந்தித்தே இருப்பர். என்ஜின் ஓடாதிருக்கும்பொழுது பாட்டுத் தெளிவாகக் கேட்கும். என்ஜின் உயிர்பெற்றவுடன் அப்பாட்டோடு மெல்லிய சீழ்க்கை ஒன்று சேர்ந்துகொள்ளும். வேகம் கூடக் கூட அதன் சுருதியும் ஏறும். சில சமயம் பெட்டி திடீரென்று ஊமையாகிவிடும். பியூஸை மாற்றினால் அடுத்த கணமே மறுபடியும் எரிந்துபோகும். சீர்செய்ய வருபவர் முதற்காரியமாக ரேடியோப் பெட்டியைக் கழற்றுகிறார். ஆனால் குற்றம் பல வேளைகளில் பெட்டியில் இருப்பதில்லை. பெட்டிக்கு மின்சாரம் வரும் வழியிலும், அது திரும்பிப் போகும் வழியிலும் இருக்கிறது. காரின் மின்சாரம் என்ஜினைக் கிளப்பவும் விளக்கெரிக்கவும் அமைந்ததேயன்றிச் சங்கீதத்திற்காக அமைந்ததன்று. அதனோடு வானொலி தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லாடி வந்திருக்கிறது. அந்த மல்லாட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

வால்வு ரேடியோவிற்கு இருவகை மின்சாரம் தேவை. வால்வினுள் இருக்கும் இழையைச் சூடாக்க 6 வோல்ட் போதும். அதைக் காரின் பாட்டரியே தந்துவிடும். வால்வின் தகட்டிற்கோ 90 முதல் 180 வோல்ட் வரை வேண்டும். 1920களில் காரில் வானொலி வைக்க விரும்பியவர்கள் இதற்கென 45 வோல்ட் உலர் பாட்டரிகள் சிலவற்றை வாங்கி, காலடிப் பலகையின்கீழ் ஒரு பெட்டியில் அடுக்கி வைத்தனர். அவை தீர்ந்தால் திரும்ப நிரப்ப இயலாது. தூக்கி எறிந்துவிட்டுப் புதியன வாங்கவேண்டும். வானொலிப் பெட்டி ஓரிடம், ஒலிபெருக்கி ஓரிடம், பாட்டரி வேறிடம் என்று காரைத் துளைபோட்டுப் பொருத்தும் வேலை, தச்சர் வேலையும் மின்சார வேலையும் கலந்த ஒன்றாக இருந்தது. அத்துணைச் செலவும் செய்துவிட்டு, ஊர் எல்லை தாண்டியதும் இரைச்சலைத்தான் பெரும்பாலும் கேட்டனர்!

இந்நிலையில் சிகாகோ நகரில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்னும் சகோதரர் இருவர் 1928-ஆம் ஆண்டு ஒரு சிறு தொழிற்சாலையைத் தொடங்கினர். அவர்களுடைய முதற் சரக்கு, வீட்டு ரேடியோக்களைப் பாட்டரி இன்றி வீட்டு மின்சாரத்திலேயே ஓடச்செய்யும் ஒரு கருவி. மின்சாரத்திலேயே ஓடும் ரேடியோக்கள் சந்தைக்கு வந்தவுடன் அக்கருவிக்கு வேலையில்லாது போயிற்று. பிழைப்புக்கு வழி தேடியவர்கள் காரின் பக்கம் திரும்பினர். 1930-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு நடைபெற்றது. அங்கே கடைபோட வசதியில்லாத பால் கால்வின், தம்முடைய ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்திச் சிகாகோவிலிருந்து ஓட்டிச் சென்று, காரை வெளியே நிறுத்தி வைத்துக்கொண்டு, வருவோர் போவோரைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்தார். அந்த ரேடியோவிற்கு அவர் இட்ட பெயர் மோட்டோரோலா. கடன் கேட்கப்போன இடத்தில் பாங்கி அதிகாரியை மகிழ்விக்க அவருடைய பேக்கார்டு காரில் ரேடியோ பொருத்தினார்கள் என்றும், அரைமணி நேரத்திற்குள் கார் தீப்பற்றிக்கொண்டது என்றும், கடன் கிடைக்கவில்லை என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு மெய்யோ, அதிலுள்ள அச்சம் மெய்யானதே. காரின் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு நொடியில் கொட்ட வல்லது. அதிலிருந்து புறப்படும் கம்பி எங்கேனும் இரும்பிலே உராய்ந்து உறை கிழிந்தால் கம்பியே நெருப்புக் கோலாகிவிடும்.

தீயைவிட அன்றாடத் தொல்லையாக இருந்தது இரைச்சல். மின்காந்த அலைகளை 1880களின் இறுதியில் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி தோற்றுவித்தது மின்பொறியைக் கொண்டுதான். மார்க்கோனி அனுப்பிய முதற் செய்திகளும் மின்பொறியில் பிறந்தவையே. காரின் என்ஜினுள் நிகழ்வதும் அதுவே அன்றோ? நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுமாயின் அதில் வினாடிக்கு 100 பொறிகள் பறக்கும். ஒவ்வொரு பொறியும் பல்லாயிரம் வோல்ட்டில் பிறப்பது. எனவே கார் ஒவ்வொன்றும் தன்னை அறியாமலே ஓர் ஒலிபரப்பு நிலையம். அதன் நிகழ்ச்சியோ வெறும் 'படபட' ஓசை. பல மைல்களுக்கு அப்பால் உள்ள வானொலி நிலையத்தின் மெல்லிய அலைக்கு, ஒரு முழ தூரத்தில் உள்ள இந்நிலையம் எதிர்க்கடை விரித்தது.

அக்காலத்து வல்லுநர்கள் இதற்குக் கண்ட பரிகாரங்கள் இன்றும் படிக்கச் சுவையானவை. ஸ்பார்க் பிளக்கின் கம்பியில் சுமார் 10,000 ஓம் தடையைச் சேர்த்துப் பொறியின் துள்ளலை அடக்கினர். டைனமோவின் முனையில் ஒரு கன்டென்சரை வைத்தனர். பானெட்டைக் காரின் உடலோடு செப்புப் பின்னலால் பிணைத்தனர். உலர்ந்த சாலையில் டயர் தேய்வதால் முன்சக்கரங்களில் மின்னேற்றம் சேர்ந்து கரகரப்பதைக்கூடக் கண்டுபிடித்து, சக்கர மூடியினுள் ஒரு சிறு ஸ்பிரிங்கை வைத்து அதை வடித்துவிட்டனர். இவை எல்லாவற்றிலும் மேலானது ஒரு சோதனை. இரைச்சல் கேட்கும்பொழுது ஏரியலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியே வருவது; நிற்காவிடில் மின்சாரக் கம்பி வழியே வருவது. செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமல் கன்டென்சர்களை வாங்கிக் குவித்தவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

உலர் பாட்டரிக்கு விடைகொடுத்தது 1930களின் முற்பாதியில் பரவிய வைப்ரேட்டர் என்னும் சிறு கருவி. நேர்மின்னோட்டத்தின் வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் உயர்த்தாது. மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தைத்தான் உயர்த்தும். ஆகவே ஒரு மெல்லிய எஃகு நாக்கை, மின்சார மணியின் சுத்தியைப் போல், வினாடிக்குச் சுமார் 115 முறை துடிக்கச் செய்து, பாட்டரியின் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்பினர். மறுபக்கம் 200 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தது. ரேடியோவைத் திருப்பியதும் தேனீ முரல்வது போல எழுந்த அந்த ஓசையைப் பழைய கார்களில் பயணம் செய்த பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வைப்ரேட்டருக்கு ஆயுள் குறைவு. அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் பியூஸ் எரியும். ஸ்குரூடிரைவரின் பிடியால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி உயிர்ப்பிப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். ஆனால் தட்டுவதும், பழையதைக் கழற்றிப் புதியது செருகுவதும் மட்டும் வைத்தியம் ஆகா. டிரான்ஸ்பார்மரின் மறுபக்கத்தில், தொடுமுனைகளில் பொறி எழாதபடி காப்பதற்கென ஒரு சிறு கன்டென்சர் இருந்தது. அது நலிந்தால் எத்தனை புது வைப்ரேட்டர் போட்டாலும் விரைவிலேயே பாழாகும். தேர்ந்த மெக்கானிக் வைப்ரேட்டரை மாற்றும்பொழுதெல்லாம் கேளாமலே அக்கன்டென்சரையும் மாற்றிவிடுவார். நோயையும் நோய்முதலையும் பிரித்தறியத் தெரிந்தவரா என்பதை இந்தச் சிறு பொருளே காட்டிக்கொடுத்தது.

1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. அதே வேகத்தில் டிரான்ஸிஸ்டரும் வந்து சேர்ந்தது. 1955-ஆம் ஆண்டு பில்கோ நிறுவனம் கிறைஸ்லர் கார்களுக்கென முற்றிலும் டிரான்ஸிஸ்டரால் ஆன ரேடியோவைச் செய்து கொடுத்தது. விலை 150 டாலர். டிரான்ஸிஸ்டருக்கு 12 வோல்ட்டே போதுமானதால் வைப்ரேட்டர் ஓய்வு பெற்றது.

ஒரு தொல்லை போய் வேறொன்று வந்தது. பாட்டரியின் ஒரு முனையைக் காரின் இரும்பு உடலோடு இணைத்து, அவ்வுடலையே திரும்பும் வழியாகக் கொள்வது வழக்கம். இதனையே 'எர்த்' என்கிறோம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு முதலிய பிரிட்டிஷ் கார்களில் நேர்முனையே உடலோடு சேர்ந்திருந்தது. அமெரிக்காவில் போர்டு கார்களும் 1955 வரை அவ்வாறே. பழைய வைப்ரேட்டர் பெட்டிகளிற் பல எம்முனை எங்கிருந்தாலும் பொருட்படுத்தவில்லை. டிரான்ஸிஸ்டரோ முனை மாறினால் கண்ணிமைப்பதற்குள் உயிர்விடும். 1960களில் பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எதிர்முனை எர்த்துக்கு மாறியபொழுது இருவகைக் கார்களும் ஒரே சாலையில் ஓடின. வெளியிலிருந்து பார்த்தால் வேற்றுமை தெரியாது. ஒரு காரிலிருந்து கழற்றிய ரேடியோவை மற்றொன்றில் ஆசையோடு பொருத்திப் புகையைக் கண்டவர் எத்தனை பேரோ!

அடுத்த பெருந் திருப்பம், மக்கள் காரில் உரத்த சங்கீதம் கேட்க விரும்பியது. இங்கே ஒரு சிறு கணக்கு. என்ஜின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். 4 ஓம் ஒலிபெருக்கிக்கு இதிலிருந்து நேராகப் பெறக்கூடியது ஆறரை வாட். இரண்டு ஆம்ப்ளிபயர்களை எதிரெதிராகப் பிணைத்தாலும் 26 வாட்டுக்கு மேல் போகாது. அதற்கு மேல் வேண்டுமாயின் வோல்ட்டை உயர்த்த வேண்டும். எப்படி? மின்னோட்டத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்பித்தான்! இன்றைய பெரிய ஆம்ப்ளிபயரினுள் டிரான்ஸிஸ்டர்கள் வினாடிக்குப் பல்லாயிரம் முறை அவ்வாறே வெட்டுகின்றன. ஓய்வு பெற்ற வைப்ரேட்டர் நாக்கில்லாமல் மறுபிறவி எடுத்துவிட்டது.

இப்பிறவியில் அதன் பசி பெரிது. 500 வாட் ஆம்ப்ளிபயர் உச்ச நிலையில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எர்த் இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், ஒரு வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். முன்னே ரேடியோவிற்கு ஓரிடத்தில் எர்த், பின்னே ஆம்ப்ளிபயருக்கு வேறிடத்தில் எர்த் என்று அமைந்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் இரா. அந்த மட்ட வேறுபாடு, இசையைச் சுமந்து செல்லும் மெல்லிய கம்பியின் உறைவழியே ஓடி, ஆல்டர்னேட்டரின் சீழ்க்கையைப் பாட்டோடு கலந்துவிடுகிறது. இத்தடையை ஓம் மீட்டரால் அளக்க முயல்வது வீண். சாதாரண மீட்டர் அதைச் சுழி என்றே காட்டும். ஆம்ப்ளிபயரை உரக்க ஓடவிட்டு, பாட்டரியின் எதிர்முனைக்கும் ஆம்ப்ளிபயரின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட்டை அளந்தால் குட்டு வெளிப்படும்.

நாம் இதைக் கற்றது நூலில் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் நம்முடைய பழைய காருக்கு ஒரு கடையில் ஆம்ப்ளிபயர் பொருத்தினோம். சீழ்க்கை எழுந்தது. கடைக்காரர் ரேடியோவை மாற்றினார். பிறகு ஆம்ப்ளிபயரை மாற்றினார். பிறகு 'பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று கையை விரித்தார். ஈராண்டு அந்தச் சீழ்க்கையோடு வாழ்ந்தோம். பின்னர் ஒரு முதிய எலெக்ட்ரீஷியனிடம் வேறு காரியமாகச் சென்றபோது அவர் டிக்கியைத் திறந்து, எர்த் கம்பியின் திருகைக் கழற்றிக் காட்டினார். பெயிண்டின் மேலேயே திருகியிருந்தார்கள்! உப்புத்தாளால் தகட்டைப் பளபளவெனத் தேய்த்து, திரும்ப முடுக்கினார். சீழ்க்கை போயிற்று. நாம் மகிழ்ந்து புறப்படுகையில் அவர் விடவில்லை. பாட்டரியிலிருந்து பின்னே வந்த தடித்த சிவப்புக் கம்பியைத் தொடர்ந்து சென்று பார்த்தார். பாட்டரியின் அருகில் பியூஸே இல்லை; ஆம்ப்ளிபயரின் பக்கத்தில் மட்டுமே இருந்தது. என்ஜின் அறைத் தகட்டின் ஓட்டையில் கம்பியின் உறை பாதி தேய்ந்திருந்தது. "பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காப்பாற்ற அல்ல ஐயா, கம்பியைக் காப்பாற்ற," என்றார் அவர். அவ்வளவு நீளக் கம்பியும் ஈராண்டு காவலின்றிக் கிடந்தது. அதன்மேல் நம் குழந்தைகள் உட்கார்ந்து பயணம் செய்திருந்தார்கள். பியூஸ் பாட்டரியிலிருந்து ஒரு முழத்திற்குள் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய விதி. சீழ்க்கையைப் பற்றிக் கடையில் பலமுறை முறையிட்ட நாம், கேட்க வேண்டிய கேள்வியை ஒருமுறையும் கேட்கவில்லை.

ஏரியல் வழியே வந்த இரைச்சலுக்கு வேறொரு திசையிலிருந்து தீர்வு வந்தது. ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர் 1933-இல் உரிமைப் பதிவு பெற்ற எப்.எம். முறை, அலையின் உயரத்தில் செய்தியை ஏற்றாமல் அதன் துடிப்பில் ஏற்றுவதால் மின்பொறியின் குறும்பு அதில் அதிகம் பலிப்பதில்லை. நம் நாட்டில் 1977-ஆம் ஆண்டு சென்னையில் எப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது. ஆயினும் நீண்ட நெடுந்தூரம் எட்டுவது மத்திய அலையே. இப்பொழுது மின்சாரக் கார்கள் வந்துள்ளன. அவற்றில் ஸ்பார்க் பிளக் இல்லை. ஹெர்ட்ஸின் பொறி அணைந்துவிட்டது. ஆனால் மோட்டாரை ஓட்டுவதற்காக நூற்றுக்கணக்கான வோல்ட்டை வெட்டி வெட்டி அனுப்பும் இன்வர்ட்டர், மத்திய அலையின்மீது பழைய இரைச்சலையே மறுபடி எழுப்புகிறது. அதை அடக்கும் செலவைத் தவிர்க்கச் சில நிறுவனங்கள் மத்திய அலையையே தம் கார்களிலிருந்து எடுத்துவிட்டன. அவ்வாறு எடுத்தல் கூடாதென 2023-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது.