பெண்களே வரைந்த படம்



முதல் வருஷ டிராயிங் வகுப்பில் நாம் எல்லோருமே 'வெட்டுத் தோற்றம்' போட்டிருக்கிறோம். மூடிக் கிடக்கும் எந்திரத்தின் உள்ளே இருப்பதைக் காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. இதே வேலையை ராஜஸ்தான் கிராமத்துப் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லச் செய்தார்கள். அந்த வரலாறு நாமும் தெரிந்துகொள்ள வேண்டியது.

ராஜஸ்தானில் 1984-இல் பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த கிராமத்துப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து மாதவிலக்கு, கர்ப்பம், பிரசவம் பற்றியெல்லாம் மனம்விட்டுப் பேசினார்கள். பேசியதைப் படமாக வரைந்தார்கள். அப்படி உருவான புத்தகம்தான் 'ஷரீர் கீ ஜான்காரி'. உடம்பைப் பற்றிய அறிவு என்று அர்த்தம். முதலில் துணியில்லாத உடம்பை வரைந்திருந்தார்கள். ஊரில் கொண்டுபோய்க் காட்டியதும், நம் ஊரில் எந்தப் பெண் இப்படி நிற்கிறாள் என்ற கேள்வி வந்தது. அவர்கள் படத்தை எடுத்துவிடவில்லை. பாவாடையைத் தனித் தாளாக வெட்டி மேலே ஒட்டினார்கள். தாளைத் தூக்கினால் உள்ளுறுப்புகள் தெரியும்; விட்டால் மூடிக்கொள்ளும். எந்த எஞ்சினியரும் மெச்சும் வடிவமைப்பு! டெல்லியின் 'காளி ஃபார் விமன்' பதிப்பகம் இதை வெளியிட்டது. எழுதியவர்கள் என்று 75 பெண்களின் பெயரும் அதில் இருந்தது.

இந்த அறிவுக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். 1989-இல் டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் தம்பதியர் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் 2 கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்ததில் 92 சதவீதம் பேருக்கு மகளிர் நோய் ஏதாவது ஒன்று இருந்தது. அதற்கு முன் ஒரு தடவையாவது அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்களோ வெறும் 8 சதவீதம்தான். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்றால் 'பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கிறதுதானே' என்று விட்டுவிடுகிற வழக்கம் எவ்வளவு ஆழமானது பாருங்கள்.

நம் தமிழ்நாட்டிலும் முன்னோடி உண்டு. பொருளாதார ஆய்வாளர் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் செங்கல்பட்டு வட்டாரக் கிராமப் பெண்கள் 12 பேரும் சேர்ந்து 1981-இல் 'ரூசெக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். கர்ப்பப்பை இறங்கிய நிலையிலும் வேலை செய்துகொண்டு, வெளியே சொல்ல முடியாமல் இருந்த பெண்களின் அனுபவங்களை அவர்கள் வாயாலேயே கேட்டு ஆய்வாக்கியதும் இந்த அமைப்புதான். வெளியிலிருந்து போகிற ஆளிடம் சொல்லக் கூச்சப்படுவதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிடலாம் அல்லவா?

இந்த முயற்சிகள் நமக்குச் சொல்வது ஒன்றுதான். யாருக்காக அறிவோ, அவர்கள் கையும் அதில் பட வேண்டும்.

நம் ஆமத்தூரைச் சுற்றி விடிந்ததும் வேனில் ஏறிப் பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற பெண்கள் எத்தனை பேர்! நம்மில் பலருடைய கல்லூரிக் கட்டணமே அந்தக் கூலியில் வந்ததுதான். பக்கத்தில் சிவகாசி. நாடெங்கும் போகிற காலண்டரை அடிக்கிற ஊருக்கு, தாள் மடிப்பு வைத்த ஒரு சின்னப் புத்தகம் அடிப்பதா சிரமம்? அச்சுக்கூலியை முன்னாள் மாணவர் சங்கம் ஏற்கலாம். தங்கைகள் முன்னின்று, சுகாதார நிலைய மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளட்டும். பென்சிலை மட்டும் முதலில் அந்த அம்மாக்கள் கையில் கொடுங்கள்.