கல்வராயன் மலையும் லைக்கன் வகைப்பாடும்

பூஞ்சையும் பாசியும், சிலவற்றில் பூஞ்சையும் நீலப்பசும்பாசியும், கூடி வாழும் உயிரமைப்பு லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் கல்பாசி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. உலகில் அறியப்பட்ட சிற்றினங்கள் ஏறத்தாழ 20,000. கே. பி. சிங்கும் ஜி. பி. சின்காவும் 2010-இல் வெளியிட்ட பட்டியல் இந்தியாவுக்கு 2,303 சிற்றினங்களைக் கணக்கிட்டது. புதிய லைக்கன் என்றதும் கலாபகோஸ் போன்ற நடுக்கடல் தீவுகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு சிற்றினம் அறியப்படாமல் கிடப்பதற்குத் தொலைவு முதன்மைக் காரணமன்று. தேடும் கண்ணும், ஒப்பிட வேண்டிய பழைய மாதிரியும் ஓரிடத்தில் சேராமல் போனதே பெரிய காரணம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலை இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம்.

கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பெரும்பகுதியாகப் பரவிய இம்மலையின் பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரம், தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு இதைப் பச்சைமலையிலிருந்து பிரிக்கிறது. வெள்ளிமலைப் பக்கத்துக் குளிர்ந்த மேட்டில், ஈரம் தங்கும் மரப்பட்டையில் மட்டும் வளரும் லைக்கனுக்குக் கீழே காயும் சமவெளி கடலுக்கு ஒப்பானது. வெயில் சுடும் பாறையில் வாழும் பெல்டுலா போன்ற பேரினங்களுக்கோ சமவெளிக் குன்றும் வீடுதான். ஆகவே இம்மலை சில லைக்கன்களுக்குத் தீவு, சிலவற்றுக்குத் தீவே அல்ல. எது எந்த வகை என்பதைக் களத்தில் பார்க்காமல் சொல்ல முடியாது.

வரலாறு தரும் சான்று இதைவிடத் தெளிவானது. சுவீடனின் அகாரியஸ் 1803-இலும் 1810-இலும் வெளியிட்ட நூல்கள் லைக்கன் வகைப்பாட்டுக்கு அடித்தளமிட்டன. நீலகிரியில் பெரோத்தே சேகரித்தவற்றை வைத்துப் பாரிசில் மோந்தாஞ் 1842-இல் விவரித்தார். அந்தப் பெரோத்தே பின்னர் நெடுங்காலம் பணியாற்றிய புதுச்சேரியிலிருந்து கல்வராயன் அடிவாரம் சுமார் நூறு கிலோமீட்டர்தான். புகழ் பெற்ற உயர்ந்த மலை தொலைவில் இருந்தும் ஆய்வுக்குள் வந்தது. பக்கத்து மலைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. லக்னோ பல்கலைக்கழகத்தின் டி. டி. அவஸ்தி 1965-இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை லைக்கன்களுக்குப் பட்டியல் வெளியிட்ட பிறகே இந்தியர்களின் கையில் நம்பத்தக்க தொகுப்பு வந்தது. அண்டை மலையான சேர்வராயனின் லைக்கன்களை ஹரிஹரன், கிருஷ்ணமூர்த்தி, உப்ரேதி மூவரும் 2003-இல் தொகுத்தனர். திருச்சி இராபினாட் உலர்தாவரக் காப்பகத்தின் அருட்தந்தை மேத்யூ, கல்வராயன் உள்ளிட்ட தமிழகக் ‘கர்நாடிக்’ பகுதிக்கு 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெருந்தொகுதி பூக்கும் தாவரங்களுக்கானது. மலையேறி மரத்தைப் பெயரிட்டவர்கள் இருந்தார்கள். அதே மரத்தின் பட்டையைப் பெயரிடத் தனிப் பயிற்சியும் தனி நூலகமும் வேண்டியிருந்தன.

காற்றில் பறக்கும் வித்துகளுக்கு மலையும் கடலும் தடையல்ல, எனவே தனித்த மலையில் தனித்த சிற்றினம் இராது என்பது வலுவான மறுப்பு. பாதி உண்மையும் கூட. பிக்ஸின் கோகோயஸ் வெப்பமண்டலம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆனால் வந்து விழும் பூஞ்சை வித்து, தனக்கேற்ற பாசியைச் சந்தித்தால்தான் லைக்கனாகும். வித்தின் பயணம் வெற்றியின் உறுதியாகாது. மேலும், தோற்றத்தில் ஒன்றாகத் தெரிவது ஒரே சிற்றினமாக இருக்க வேண்டியதில்லை. டிக்டியோனெமா கிளாப்ராட்டம் என ஒரே பெயரில் வழங்கிவந்த அமெரிக்க லைக்கனுக்குள் குறைந்தது 126 சிற்றினங்கள் அடங்கியிருப்பதை 2014-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

இதற்கு எதிர்ப்பக்க மறுப்பும் கவனத்துக்குரியது: பழைய சிற்றினத்துக்கே புதுப்பெயர் சூட்டும் ஆபத்து. நியாயமான அச்சம்தான், ஏனெனில் இப்பகுதியின் மூல மாதிரிகள் பல பாரிசிலும் லண்டனிலும் ஹெல்சிங்கியிலும் கிடக்கின்றன. அவற்றைப் பாராமல் அறிவிக்கும் புதுமை நிலைக்காது. வடிவம், வித்து, பொட்டாஷ் துளியிட்டால் மாறும் நிறம், மென்படலப் பகுப்பில் தெரியும் அமிலங்கள், மரபணு வரிசை ஆகிய அனைத்தும் ஒரே திசையில் சுட்டும்போதுதான் புதுப்பெயர் தகும். 2013 முதல் பூஞ்சைப் பெயர்களுக்குப் பதிவெண்ணும் கட்டாயம். லைக்கனின் பெயர் விதிப்படி அதன் பூஞ்சைக்குரியது என்பதால் இது லைக்கனுக்கும் பொருந்தும். ஆனால் பதிவெண் பெயரைக் காக்குமே தவிர, முடிவு சரியா என்பதற்குப் பொறுப்பேற்காது.

ஆய்வு முன்னரே நடந்த இடத்தில் புதிதாக எதுவும் மிஞ்சாது என்ற எண்ணத்துக்கு இலங்கை பதில் சொல்கிறது. அங்கே துவைட்ஸ் சேகரித்தவற்றை லைட்டன் 1870-ஐ ஒட்டி விவரித்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2014-இல், கோதமி வீரகூனும் உடனாய்வாளர்களும் கிராபிடேசிக் குடும்பத்தில் மட்டும் பதின்மூன்று புதிய சிற்றினங்களை அத்தீவிலிருந்து வெளியிட்டனர். இக்குடும்பத்தின் பெரும்பாலானவை பட்டையோடு ஒட்டிய மெல்லிய ஓடுகள், கோடும் புள்ளியுமாகத் தெரிபவை. கல்வராயனிலும் கண்ணில் எளிதில் படும் இலைவடிவ லைக்கன்களை விட, இந்த ஓட்டுவடிவங்களிலேயே தேடலைத் தொடங்க வேண்டும். ஓடையோரத்து முதிய மரங்களின் பட்டையிலிருந்து உயரமும் மரத்தின் பெயரும் குறித்து எடுத்த மாதிரியில் ஒரு பகுதி லக்னோவுக்கும் ஒரு பகுதி திருச்சிக்கும் சென்றால், அடுத்து வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பாவரை போக வேண்டியிராது.